தொரகாருக்காகச் செத்தவர்

கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் நூகராஜு சவரம் செய்ய உட்காருவார். கண்ணாடி அவர் மனைவி சத்தியவேணியுடையது. பொட்டு வைத்துக்கொள்வதற்காகக் கொல்லையில் மாட்டியிருக்கிறாள். கொய்யா மரத்தடியில் ஒரு முக்காலி, ஒரு சொம்பு வெந்நீர். இடது கைவிரல்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே முன்னால் போகும். வலது கையிலுள்ள பிளேடு பின்னாலேயே வரும். மீசையின் இரண்டு நுனிகளையும் கட்டைவிரல் நகத்தால் அளந்து கத்தரிப்பார். ரத்தம் வந்து நான் பார்த்ததில்லை. "கண்ணாடி பார்த்துத்தான் பண்ணுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன். "எதுக்கு அண்ணய்யா? அதுல ஒருத்தர் வந்து உக்காந்துக்குவாரு. அவருக்குச் சவரம் பண்ணிவிட எனக்கென்ன தலையெழுத்தா?" என்றார். சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஒருத்தரைப் போலக் காட்டும் மீசைதானே தொல்லை, எடுத்துத் தொலைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எங்கள் ராவுலபாலெத்தில் அது நடக்காது. பெற்றவள் உயிரோடிருக்க மீசையை எடுத்தால் அவளுக்குக் கொள்ளி வைத்த மாதிரி. அவர் அம்மா அச்சியம்மா தொண்ணூறை நெருங்கியும் கல்லுக்குண்டு போல இருந்தாள். "நான் போனப்புறம் என்ன வேணா வழிச்சுக்கோடா" என்பாள். அதனால் மீசை இருந்தது.

ராவுலபாலெம் வாழைத்தார் சந்தையில் அவருக்கு வேலை. லாரியில் ஏற்றும் தார்களைச் சருகு சுற்றி அடுக்குவது, கூலியாட்களை மேய்ப்பது. ஆறடி உயரம். அறுபதைத் தாண்டியும், தோளில் ஒரு சக்கரகேளி வாழைத்தாரைப் போட்டுக்கொண்டு நடந்தால் முதுகு வளையாது. அந்த நடைதான் வம்பு. வலது காலை வைத்துவிட்டு ஒரு கணம் நின்று, தோளைத் திருப்பி, அப்புறம்தான் இடது காலை எடுப்பார். கோதாவரியின் இரண்டு கரையிலும் அந்த நடையைத் தெரியாதவர்கள் கிடையாது. சந்தைக்குப் புதிதாக வரும் கிழவிகள் கூடையை இறக்கிவிட்டுக் கும்பிடுவார்கள். "தொரகாரு! எங்க தொரகாரு!" என்று குரல் உடையும். நூகராஜு திரும்பமாட்டார். காது கேளாதவர் போலப் போவார். காலைப் பிடித்துவிட்டால் மட்டும், "ஆள் மாறிப்போச்சம்மா, வழியை விடு, தார் நசுங்குது" என்பார். ஒரிசா லாரி டிரைவர்களுக்கு ஒன்றும் புரியாது. அவர்கள் பாட்டுக்குச் சிரிப்பார்கள்.

தொரகாரு, நம் பேச்சில் துரையவர்கள், என்றால் ரங்கபூபதி. நரசாபுரம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளையின் மகன். மெட்ராஸுக்கு ரயிலேறி வந்து, முதலில் சினிமா அரசவையில் ஈட்டி பிடித்து நின்று, அப்புறம் அதே அரசவையில் சிம்மாசனம் ஏறியவர். விஷ்ணுவாக வந்தார், சிவனாக வந்தார். தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பிறகு ஜமீன்தாரை வெட்டும் விவசாயியாக வந்தார். வசனம் பேசும் முன் இடது புருவத்தை மட்டும் ஏற்றுவார், திரை நோக்கிச் சில்லறை பறக்கும். ஒரு நாள் பட்டு உத்தரீயத்தோடு கோதாவரிக் கரையில் நின்று கட்சி தொடங்குவதாகச் சொன்னார். சின்னம் படகு. பிரசார வண்டியையே படகு மாதிரி கட்டி, அதன் முனையில் நின்றுகொண்டு ஊர் ஊராக வந்தார். சாமியாக வந்தவருக்கு ஓட்டுப் போடாமலிருக்க எங்கள் பக்கத்துக்குத் துணிச்சல் வரவில்லை. மந்திரியானார். அடுத்த முறை தோற்றார். நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எதிரே வந்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். பதிலுக்கு நிற்கமாட்டார்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்பீர்கள். கோடம்பாக்கத்தில் தெலுங்குப் படங்களுக்கு ஸ்டில் எடுத்தவன் நான். பெண் எடுத்த ஊர் ராவுலபாலெம். சினிமா ஹைதராபாத்துக்குப் போனதும் நான் இங்கே வந்து ஸ்டூடியோ வைத்தேன். தலை நரைத்துவிட்டது, இன்னும் சந்தையில் எனக்குப் பெயர் 'அரவம் பாபு'தான். தமிழனை அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், கடனுக்குப் போட்டோ கேட்காமலிருந்தால் சரி.

நூகராஜு தொரகாருக்கு டூப். குதிரையில் போவதும், பாலத்திலிருந்து குதிப்பதும் அவர். ஒரு சண்டையில் இடது காது மடலில் ஒரு துண்டு போயே போய்விட்டது. அதெல்லாம் எல்லா டூப்புகளுக்கும் உண்டு. இவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சாவு. பாடையில் படுக்கக் கூடாது என்று தொரகாருக்கு யாரோ ஜோசியர் சொல்லியிருந்தார். கதாநாயகனின் அப்பா வேடமோ, அண்ணன் வேடமோ, படத்தில் தொரகாரு செத்தால், மாலை போட்டு நெற்றியில் காசு ஒட்டிப் பாடையில் கிடப்பவர் நூகராஜு. "நீ படுத்துக்கோ நூகராஜு, நான் எழுந்துக்கறேன்" என்பார் தொரகாரு. ஏதோ நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வது போலச் சொல்வார்.

எழுந்துகொள்வது என்றால் என்னவென்று சொல்கிறேன். பிணமாகப் படுத்த நடிகர், ஷாட் முடிந்ததும் அந்த இடத்திலேயே எழுந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதை ஸ்டில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் யாரும் சோற்றில் கைவைப்பார்கள். சிரிக்காமல் எழுந்துபோனால் அந்தச் சாவு ஆளோடு கூடவே போகும் என்று ஒரு பயம். சினிமாக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். தொரகாரு விஷயத்தில் செத்தது அவர் முகம் என்பதால் சிரிக்க வேண்டியதும் அவர்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நூகராஜு பாடையை விட்டு இறங்குவார். அதே மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தொரகாரு உட்காருவார். சிரிப்பார். நான் எடுப்பேன். எத்தனை படங்கள்! ஒவ்வொன்றிலும் சாவு இவருக்கு, சிரிப்பு அவருக்கு.

ஒருமுறை அச்சியம்மா ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்தாள். நேரே படப்பிடிப்புக்கு அழைத்து வந்துவிட்டார்கள் புண்ணியவான்கள். உள்ளே நுழைந்ததும் அவள் பார்த்தது பாடையில் கிடந்த மகனை. போட்ட கூச்சலில் லைட்பாய் ஏணியிலிருந்து இறங்கி வந்துவிட்டான். சமாதானம் சொல்லி உட்காரவைத்தோம். அப்புறம் தொரகாரு வந்து பாடையில் உட்கார்ந்து சிரித்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"செத்தது என் பிள்ளை. சிரிக்கிறவன் எவன்?" என்றாள்.

மகனின் கையைப் பிடித்து இழுத்துப் பாடையில் உட்காரவைத்தாள். "இவனையும் எடு. சிரிடா!" என்றாள். புரொடக்ஷன் மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும் என்று நான் எடுத்தேன். கழுவிப் பார்த்தேன். படத்தில் இருந்தது தொரகாருவின் சிரிப்பு. அதே ஏறிய புருவம், அதே கோணல். இத்தனைக்கும் காது மடலில் துண்டு இல்லை. அச்சியம்மா படத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்தாள். "இது அவன்" என்று சொல்லி நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

தோற்றதற்கு அடுத்த தேர்தலில் தொரகாரு ராஜமுந்திரியில் தங்கியிருந்த இடத்தில் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தம். அவரை மூடிய வண்டியில் ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டு, கட்சிக்காரர்கள் நூகராஜுவைத் தேடி வந்தார்கள். பட்டு உத்தரீயம், கறுப்புக் கண்ணாடி, மீசைக்கு மெழுகு. தொண்டை கட்டிவிட்டது, பேசமாட்டார் என்று மைக்கில் சொன்னார்கள். படகு வண்டியின் முனையில் நூகராஜு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நானும் காமிராவோடு அந்த வண்டியில் இருந்தேன். மே மாத மத்தியானம். கோனசீமாவின் தென்னந்தோப்புகளில் காற்றே இல்லை. மும்மிடிவரம் தாண்டி ஒரு திருப்பத்தில், தூக்கிய கை இறங்கவில்லை. "இறக்குங்க, வலிக்கப்போகுது" என்றேன். "இறங்கமாட்டேங்குது அண்ணய்யா" என்றார், உதடு அசையாமல். நான் தொட்டு இறக்கினேன். அந்த வெயிலில் அந்தக் கை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி சில்லிட்டிருந்தது. கீழே ஜனங்கள் பூவை வாரி இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுப்பதிவு முடிந்த பிறகுதான் தொரகாரு காலமானதைச் சொன்னார்கள். உண்மையில் போனது அந்த மத்தியானமே என்று பிற்பாடு காதுக்கு வந்தது. நான் விசாரிக்கவில்லை, விசாரிக்கப் பயமாக இருந்தது. உடலைப் பார்வைக்கு வைத்தபோது ஜனங்கள் திகைத்துப் போனார்கள். அறுவை சிகிச்சைக்காகத் தலையையும் மீசையையும் வழித்திருந்தார்கள். மீசையில்லாத தொரகாருவை அதுவரை ஒருவரும் கண்டதில்லை. எல்லாப் பேப்பரிலும் அந்த மொட்டை முகம் முதல் பக்கத்தில் வந்தது. அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு, மாலை போட்டு, இன்றும் பூஜை அறையில் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன.

பிறகு எங்கள் ஊர் நாற்சந்தியில் சிலை வைத்தார்கள். சிற்பிக்குப் போட்டோக்கள் போதவில்லை. இருக்கவே இருக்கிறார் நூகராஜு என்று அவரையே நிற்கவைத்துச் செய்தான். காதைக்கூட அப்படியே செய்துவிட்டான், முண்டம்! துண்டு போன இடது காதோடு தொரகாரு கை தூக்கி நிற்கிறார். நினைவு நாளில் மாலை போட வருபவர்களை அச்சியம்மா தடியூன்றிப் போய்த் திட்டுவாள். "என் பிள்ளை உசுரோட இருக்கான்டா! அவனுக்கு மாலை போடுறீங்களே, நாசமாப் போறவங்களா!" மைக் சத்தத்தில் அவள் குரல் கேட்காது.

நூகராஜு உசுரோடு இருந்தார் என்பதில் சந்தேகமில்லை. பெசரட்டு தோசை என்றால் உயிர். இஞ்சிச் சட்னியை இரண்டாம் முறை கேட்பார். கூலியாட்களோடு சரிக்குச் சரி சண்டை போடுவார். ஆனால் நடுநடுவே ஏதாவது நடக்கும். ஒருநாள் சந்தையில் தொரகாருவின் அக்கா, பீமவரத்திலிருந்து வந்த, நடக்கச் சிரமப்படும் கிழவி, காரை நிறுத்தி இறங்கிப் பழம் வாங்கிக்கொண்டிருந்தாள். நூகராஜு தாரை இறக்கிவிட்டு அவளிடம் போனார். "புச்சக்கா, முட்டிக்குத் தவிடு ஒத்தடம் குடுக்கறியா இல்லியா?" என்றார். கிழவி அப்படியே வாழைச் சருகில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் புச்சக்கா என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவள் அழுகிறாள், இவர் ஒன்றும் நடக்காதது போலத் தாரைத் தூக்கிக்கொண்டு போகிறார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எங்கயாவது காதுல விழுந்திருக்கும்" என்றார். அவர் முகத்திலும் பயம் இருந்தது.

இதற்கெல்லாம் அச்சியம்மா ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். தினமும் விளக்கு வைத்ததும் வாசலில் நின்று, "ஒரேய் நூகராஜூ!" என்று கத்திக் கூப்பிடுவாள். ஒரேய் என்றால் நம் அடேய். அவர் சந்தையில் இருந்தாலும் சரி, உள்ளே அவள் காலடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி. "ஆ, அம்மா!" என்று குரல் வரும்வரை விடமாட்டாள். வந்ததும், "ம், இருக்கான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். தெருவுக்கே அது பழகிவிட்டது. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு ஆள் இல்லை. சந்தையில் 'மேஸ்திரி'. பெண் ஹைதராபாத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து போனில் 'நாயனா' என்பாள். சத்தியவேணிக்கு 'ஏனுங்க'.

இந்த மே மாதம் அச்சியம்மா மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டாள். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்று விளக்கு வைத்தார்கள். வாசல் வெறிச்சென்று கிடந்தது. நூகராஜு கூடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துச் சத்தியவேணி என் ஸ்டூடியோவுக்கு ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

"அண்ணய்யா, டீக்கடைக்காரன் சும்மா கிண்டலுக்கு 'தொரா'ன்னு கூப்பிட்டான். இவரு திரும்பிட்டாரு!"

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் திரும்பியதேயில்லை.

"திரும்பி என்ன சொன்னாரு?"

"'சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. கேட்டுட்டு நிக்காம போயிட்டாரு."

அன்று சாயங்காலம் நானே வாசலில் நின்று, "நூகராஜு!" என்று கூப்பிட்டேன். கூப்பிட எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளேயிருந்து பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மெதுவாக எழுந்து வந்து, வாசற்படியில் நின்று, என்னை யாரோ மனு கொண்டுவந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "மெட்ராஸ்லேருந்து எப்ப வந்தே?" என்றார். எங்கள் பழக்கத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. சத்தியவேணி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க குரல் உள்ள வரைக்கும் போகல அண்ணய்யா" என்றாள்.

அந்த நேரம் பார்த்துச் சூரிபாபு வந்து சேர்ந்தான். தேர்தல் நெருங்குகிறது, தொரகாருவின் மகன் நிற்கிறார், அவருக்குப் புருவமும் இல்லை, நடையும் இல்லை. சூரிபாபு அவருடைய கையாள். பூதரேகுலு இனிப்புப் பெட்டி ஒன்றை இழவு வீட்டில் நீட்டிய அறிவாளி.

"பழைய படகு வண்டிக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. நீங்க வெறுமனே நின்னாப் போதும் மேஸ்திரிகாரு. தூரத்துல ஒரு தரம் தெரிஞ்சாப் போதும், ஜனம் தானா வந்துரும்."

"தீட்டு வீடு இது" என்றாள் சத்தியவேணி.

"அதுக்குத்தானம்மா வந்தேன். பத்தாம் நாள் மொட்டை போடுறதை மட்டும் தள்ளி வச்சுக்கலாம். ஓட்டு முடியட்டும். மீசை போச்சுன்னா எல்லாம் போச்சு!"

"பெத்தவளுக்கு மொட்டை போடாம இருக்கச் சொல்றியே, உன் வீட்டுல செய்வியா? வெளிய போ!"

சூரிபாபு அவளைப் பார்க்கவில்லை, நூகராஜுவைப் பார்த்தான். "தொரகாரு, நீங்க சொல்லுங்க" என்றான். நூகராஜு இடது புருவத்தை உயர்த்தினார். "வண்டி கிழக்கு நோக்கிக் கிளம்பணும்" என்றார். அந்தக் குரல் நூகராஜுவினுடையதல்ல. அடித்தொண்டையில் உருளும் அந்தக் குரலை நான் மெட்ராஸில் கேட்டிருக்கிறேன். சூரிபாபுவே இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனான்.

சத்தியவேணிக்கு இருந்த ஒரே நம்பிக்கை மீசை. "இத்தனை வருஷம் அத்தைக்காக வச்சிருந்தது. இப்பத்தான் எடுக்க முடியும். அது போனா தொரகாரும் போயிருவாரு. என் மனுஷன் எனக்குக் கிடைப்பாரு. வண்டியில ஏறிட்டாருன்னா இறங்கமாட்டாரு அண்ணய்யா, எனக்குத் தெரியும்" என்றாள். எனக்கும் அது சரியென்றே பட்டது. சூரிபாபுவுக்கும் அதே எண்ணம்தான், அதனால்தான் மீசைக்காக அப்படிப் பறந்தான். மூன்று பேரும் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல!

பத்தாம் நாள் காலை கோதாவரியின் கிளையான கௌதமிக் கரையில், பாலத்துக்குக் கீழேயுள்ள படித்துறைக்குப் போனோம். நூகராஜு மறுக்கவில்லை. அழைத்த இடத்துக்கு வந்தார், சொன்ன கல்லில் உட்கார்ந்தார். நாவிதர் அப்பன்னா தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். தலைமயிர் கொத்துக் கொத்தாக விழுந்தது. கடைசியில் மீசை. சத்தியவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே சாலையில் சூரிபாபுவின் ஜீப் நின்றது. அவன் தலையில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆத்துல மூணு முழுக்குப் போட்டு வாங்க" என்றார் அப்பன்னா.

நூகராஜு வெள்ளை வேட்டியோடு இறங்கினார். முங்கினார், எழுந்தார், முங்கினார், எழுந்தார். மூன்றாவது முறை எழுந்து கரையைப் பார்த்துத் திரும்பினார். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கையிலிருந்த துணியை விட்டுவிட்டாள். அது நீரோடு போயிற்று, அவள் பார்க்கவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மொட்டைத் தலை, மழித்த மேலுதடு, வெள்ளைத் துணி. பூஜை அறைகளில் மாலைக்குப் பின்னால் இருக்கும் அதே முகம். பெட்டியில் கண்மூடிக் கிடந்ததை ஊரே வரிசையில் நின்று பார்த்ததே, அது எழுந்து நிற்கிறது. கண் திறந்திருக்கிறது.

"எழுந்துட்டாருடா!" என்று யாரோ பாலத்திலிருந்து கத்தினார்கள்.

அப்புறம் கேட்க வேண்டுமா! பாலத்தில் லாரிகள் நின்றன. படித்துறையில் ஜனம் சேர்ந்துகொண்டே போனது, ஆனால் ஒரு சத்தமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நம்மூரில் நாலு பேர் கூடினால் சந்தையாக இரையும். அங்கே தண்ணீர் படியில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கிழவர் முழங்கால் நீரில் விழுந்து கும்பிட்டார். "அன்னைக்கு வரிசையில நின்னு உங்களைப் பார்த்தேன் தொரா. எழுந்து வருவீங்கன்னு எனக்குத் தெரியும் தொரா" என்று முணுமுணுத்தார். சூரிபாபு படியிறங்கி ஓடி வந்தான். "சாமி! மீசையே வேண்டாம்டா! ஈரம் காயறதுக்குள்ள அப்படியே வண்டியில ஏத்துங்க!" என்று ஆட்களை விரட்டினான். அவர்கள் நகரவில்லை. அவர்களும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நூகராஜுவின் இடது புருவம் ஏறியது. உதட்டின் ஓரம் மெல்லக் கோணியது. வலது கை நீரிலிருந்து தானாக உயர்ந்து, கூட்டத்தை நோக்கி விரிந்து நின்றது. வலது காலை முன்வைத்தார். ஒரு கணம் நின்று, தோளைத் திருப்பினார். எதிரே சாலையில் ஜீப்பின் கதவு திறந்திருந்தது.

சத்தியவேணி புடவையோடு ஆற்றில் இறங்கினாள். இடுப்பளவு நீரில் அவருக்கு நேரே போய் நின்றாள். கையில் மாமியாருக்கு வைக்க வேண்டிய பிண்டம் இலையில் இருந்தது. அவள் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது.

"ஒரேய் நூகராஜூ!"

கரை முழுக்க ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. தாலி கட்டிக்கொண்டவள், ஊர் முன்னால், கட்டியவனை, அதுவும் ஒரேய் என்று! கிழவர்கூடக் கும்பிட்ட கையை இறக்கிவிட்டார். நூகராஜு அசையவில்லை. புருவம் ஏறியபடியே இருந்தது. அவள் இலையை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையால் பட்பட்டென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கண்ணீர் தாரையாக ஓடியது.

"ஒரேய் நூகராஜூ! உங்கம்மா பட்டினியாக் காத்துட்டிருக்காடா! வாடா!"

அவர் அவளைப் பார்த்தார். பார்வை எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவது போல இருந்தது. எத்தனை நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. புருவம் இறங்கியது. தூக்கிய கை மடங்கியது.

"ஆ, அம்மா" என்றார். குரல் கரகரத்தது. வாழைச் சந்தையில் கூலியாட்களைத் திட்டும் குரல்.

அவள் இலையை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சூரிபாபு என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஜனம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கலைந்தது. ஏதோ சினிமா பாதியில் நின்றுபோன மாதிரி சிலர் எங்களையே கோபமாகப் பார்த்தார்கள்.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் நான் அவர்கள் வீட்டு எதிரே நின்றிருந்தேன். சத்தியவேணி வாசலுக்கு வந்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கூப்பிட்டாள்.